என் அம்மா எளிமையின் உருவம் அல்ல

இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது என் அம்மாவின் தலை. அதற்குக் கீழே இருப்பது என் அம்மாவின் உடம்பு. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சென்ற மாதம் பெரியப்பா இந்த மலரின் மாதிரிப் பிரதியை அச்சகத்திலிருந்து வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தார். அட்டையில் அம்மா அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டி, தடித்த சங்கிலி போட்டு, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு சேலை அம்மாவிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கைகளைப் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்தன. இடது மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. அம்மா குளிக்கும்போது மட்டும்தான் கடிகாரத்தைக் கழற்றுவார் என்பது அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அச்சகத்துக்குப் போய்க் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து பெரியப்பா வாங்கிவந்த படத்தில் அம்மா டிராக் சூட் போட்டிருந்தாராம். அது மலருக்குச் சரிப்படாது என்று பெரியப்பா சொன்னதால், தலையை மட்டும் வெட்டி, கணினியில் ஏற்கெனவே இருந்த வேறு ஒரு அம்மாளின் உடம்பில் ஒட்டினார்களாம். "ஒதட்டுல வேற செவப்பா இருந்துச்சுக்கா. அதையும் எடுத்துட்டோம்" என்றார் அங்கே வேலை செய்யும் பெண். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைச் செய்தார். அந்தச் சிவப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாரென்றே தெரியாத ஒரு அம்மாளின் உடம்போடு என் அம்மாவை உங்கள் வீடுகளுக்கு அனுப்பி வைக்க இருந்தோம். நீங்களும் வாங்கி, பார்த்து, நல்ல படம் என்று சொல்லி அலமாரியில் வைத்திருப்பீர்கள்.

பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் குடும்பத்தில் யார் காலமானாலும் நினைவு மலருக்குக் கட்டுரை எழுதுவது அவர்தான். அழகான தமிழ். எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை காலமான பெண்கள் அத்தனை பேரும் அவருடைய கட்டுரையில் எளிமையின் உருவமாகவே காலமாகியிருக்கிறார்கள். அத்தனை பேரும் அதிர்ந்து பேசாதவர்கள். அத்தனை பேரும் பகட்டை விரும்பாதவர்கள். அம்மாவுக்காக எழுதியதில் "பூத்தையல் வேலையில் கைதேர்ந்தவர்" என்று ஒரு வரி வந்தது. அம்மா ஊசியில் நூல் கோத்து நான் பார்த்ததே இல்லை. என் சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்தித்தான் அனுப்புவார். வீட்டில் இருந்த பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது பெரியம்மாவின் நினைவு மலரில் வந்த வரி. மற்ற இடங்களையெல்லாம் மாற்றிய பெரியப்பா, அந்த ஒன்றை மாற்ற மறந்துவிட்டார்.

அந்த வரியைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. "குடும்ப நலனுக்காகத் தமக்கு வந்த பதவி உயர்வை மகிழ்ச்சியுடன் துறந்தார்." அதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், இந்த மலரை நான் எழுதுகிறேன் என்றேன். பெரியப்பாவுக்கு வருத்தம்தான். அவர் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் நான் எழுதத்தான் செய்வேன்.

அம்மா சேரன்மகாதேவியில் பிறந்தார். தாத்தா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் அம்மா நான்காவது. கடையில் அன்றைக்கு எந்த சைக்கிள் வாடகைக்குப் போகவில்லையோ அதுதான் அம்மாவின் சைக்கிள். செயின் கழன்றது, பிரேக் பிடிக்காதது, சீட் இல்லாதது எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறார். கால்வாய்க் கரையில் பையன்களோடு போட்டி போட்டு, வயலுக்குள் விழுந்து, சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து அடி வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆற்றில் எதிர் நீச்சல் போடுவார். உடற்கல்விப் பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வயதில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதுவரை அதே பள்ளி, அதே மைதானம், அதே வெயில்.

இருபத்துநான்காவது வயதில் திருமணம். பெண் பார்க்கப் போனபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அம்மாவைப் பிடித்திருந்தது. வேலைக்குப் போவதிலும் ஆட்சேபணை இல்லை. அப்பாவின் அக்காவான அத்தை மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "வேலைக்குப் போகட்டும். நாங்க ஒண்ணுஞ் சொல்லல. ஆனா அந்தப் பேன்ட்டு போட்டுக்கிட்டு எங்க வீட்டு நடையத் தாண்டக் கூடாது."

அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்தவர். வீட்டுச் சட்டமெல்லாம் அவர் போட்டதுதான். அம்மா அந்த நிபந்தனையை மீறவில்லை. எப்படி மீறாமல் இருந்தார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். டிராக் பேன்ட் போட்டு, அதன்மேல் உள்பாவாடை கட்டி, அதன்மேல் சேலை உடுத்தி, ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போவார். அங்கே பந்துகளும் வலைகளும் வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்ச் சேலையைக் களைந்து, மடித்து, அலமாரியில் வைப்பார். மாலை நாலரைக்கு மணி அடித்ததும் மறுபடி அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தார். அவர் இடுப்பில் வேர்க்குரு ஆறி நான் பார்த்ததில்லை. எளிமை என்கிறீர்களே, ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் உடுப்பு உடுத்திக்கொண்டு போனவரையா?

காலை ஐந்து மணிக்கு அம்மா இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவார். மூன்று பேருக்குச் சாப்பாட்டு டப்பா, அத்தைக்குக் கஞ்சி, எனக்கு இரட்டைப் பின்னல். எல்லாம் முடிந்து ஈரத்தலையோடு ஸ்கூட்டரை உதைக்கும்போது அப்பா பேப்பரின் நடுப்பக்கத்தில் இருப்பார். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். குறைதான் சொல்கிறேன். அப்பா இதைப் படித்த பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது.

எனக்கு ஒன்பது வயதானபோது கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. அன்று அம்மா மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குக் கோ-கோ போட்டிக்குப் போயிருந்தார். அத்தை என்னைப் பக்கத்துத் தெருவில் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனார். முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். மாலையில் அம்மா கோப்பையோடு வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் கோப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். அத்தை நடையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "பெத்த புள்ள கையொடிஞ்சு கெடக்கு. இவ ஊரார் புள்ளைகள ஓடவிட்டு வேடிக்க பாத்துட்டு வாரா."

கை சற்று வளைவாகவே கூடிவிட்டது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. என்னைப் பார்க்கும் உறவினர்கள் அந்தக் கையைப் பார்த்து, "அன்னைக்கு ஒங்கம்மா வீட்டுல இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்கள். முப்பது வருடமாகக் கேட்கிறேன். அன்றைக்கு அப்பாவும் வீட்டில் இல்லை. அவருடைய அலுவலகம் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். சொல்லி அனுப்பியும், வேலையை முடித்துவிட்டு ஐந்தரைக்குத்தான் வந்தார். அப்பா ஏன் வரவில்லை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கட்டைக் கோணலாகப் போட்டது யார் என்றும் கேட்டதில்லை. ஐம்பது மைல் போய்வந்த அம்மாதான் என் கையை வளைத்தார் என்று தீர்ப்பாகிவிட்டது.

இனி அந்தச் சிவப்புக்கு வருகிறேன்.

உடையில் விட்டுக்கொடுத்த அம்மா ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உதட்டுச் சாயம். செங்கல் நிறத்தில் ஒன்று வைத்திருப்பார். வேலைக்குக் கிளம்பும்போது அதை லேசாகப் பூசிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டமாட்டார். அத்தை முதல் வருடத்திலிருந்தே சொல்லிப் பார்த்தார். "ஊரே பாத்துச் சிரிக்கி" என்பார். "சிரிக்கட்டும் மைனி. காலைல சிரிச்சா ஒடம்புக்கு நல்லது" என்று அம்மா ஸ்கூட்டரை எடுப்பார். பதினைந்து வருடம் அத்தையால் அந்தச் சாயத்தை அழிக்க முடியவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் கோயிலில் அசனம் நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை சர்ச் சபையார் எல்லோரும் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை அது. அம்மா சோறு பரிமாறிக்கொண்டு வந்தார். என் எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரிய அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒதட்டுல சாயத்தோட பந்திக்கு வந்திருக்கா. சோத்துல உதிர்ந்துராம."

அம்மா நின்றார். "உதிராதும்மா. நல்ல சாயம். சாப்பிட்டாக்கூடப் போகாது" என்று சொல்லி அந்த அம்மாளின் இலையில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார். பந்தியே சிரித்தது. எனக்கு மட்டும் மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பந்தியில் இருந்தார்கள். திங்கட்கிழமை அம்மா என்னை என் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், அவர்கள் சிவப்புப் பென்சிலை உதட்டில் தேய்ப்பதுபோல் செய்து காட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "அம்மா, நாளையிலேர்ந்து அதைப் போட்டுட்டு என்னை எறக்கிவிட வராதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

அம்மா துணியைப் பிழிந்து ஹேண்டில்பாரில் போட்டார். என்னைப் பார்த்தார். "சரி மக்கா" என்றார்.

மறுநாள் முதல் அம்மா சாயம் பூசாமல் கிளம்பினார். தன்னுடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று அத்தை பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அம்மா அதை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு துணி துவைக்கும்போது அம்மாவின் கைக்குட்டைகளில் செங்கல் நிறக் கறை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னம்மா இது என்று கேட்டேன். "செம்மண் மக்கா. கிரவுண்டு பூரா செம்மண்ணுல்லா" என்றார். நம்பிவிட்டேன்.

நான் பிளஸ் டூ படித்தபோதுதான் பெரியப்பா எழுதிய அந்தப் பதவி உயர்வு வந்தது. கடற்கரைப் பக்கம், அதே நிர்வாகத்தின் இருபாலர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் வேலை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்பதால் வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும். எங்கள் முன்னறையில் கூட்டம் கூடியது. பெரியப்பா, அப்பா, அத்தை. அம்மா கூட்டத்தில் இல்லை. அம்மா காபி கொண்டுவந்தார்.

"புள்ளைக்குப் பரீட்ச வருது. வீட்டுல பொம்பள இல்லாம எப்படி?" என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார்.

"மைனி இருக்காவல்லா அத்தான். இவங்களும் இருக்காவ" என்று அம்மா அப்பாவைக் காட்டிப் பெரியப்பாவிடம் சொன்னார்.

"எனக்கு முட்டு வலிக்கி" என்றார் அத்தை.

அப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சவத்த விடு. இருக்க வேல போதாதா?" என்றார். வாழ்நாள் முழுவதும் எல்லா வழக்குக்கும் அப்பா சொன்ன தீர்ப்பு இந்த "விடு" ஒன்றுதான். விட வேண்டியவர் எப்போதும் அம்மாவாக இருந்தார்.

அம்மா காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ஒரு தம்ளர் சுவரில் மோதிய சத்தம் முன்னறைவரை கேட்டது. எல்லோரும் கைதவறியது என்று நினைத்துக்கொண்டார்கள். விளிம்பு நசுங்கிய அந்தத் தம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரியப்பா விரும்பினால் காட்டுகிறேன். மகிழ்ச்சியுடன் துறந்தவர்கள் தம்ளரை அந்த மாதிரிக் கழுவமாட்டார்கள்.

அந்த வேலைக்கு வேறொருவர் போனார். அவருக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளை இருந்தது. அவர் ஆண். அவர் வீட்டு முன்னறையில் யாரும் கூடிப் பேசியிருக்கமாட்டார்கள்.

இப்போது நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் அலுத்துக்கொண்டால் போதும், "ஒங்கம்மா அந்தக் காலத்துலயே எல்லாத்தையும் எப்படிச் சமாளிச்சா" என்று சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது மினுக்கி என்றும் பிள்ளையைப் பார்க்காதவள் என்றும் சொன்ன அதே வாய்கள். அம்மா சமாளிக்கவில்லை. சேலைக்குள் பேன்ட்டும், பேச்சுக்குள் பேச்சுமாக நடந்து நடந்து களைத்துப்போனார். அவர் பட்ட பாட்டை எடுத்து என் தலையில் குட்டுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வுபெற்ற பிறகு எட்டு வருடம் இருந்தார். கடைசியில் வயிற்றில் கட்டி வந்தது. மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அத்தைதான் முட்டுவலியோடு கஞ்சி காய்ச்சி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, ஊட்டிவிட்டுப் போனார். அதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்தார். வளைந்த கையை.

"நான் போறப்ப வெள்ளச்சேல கட்டிராதட்டி. மாம்பழக் கலர் சேல பீரோல இருக்கு. என் பையில லிப்ஸ்டிக்கு இருக்கு. மெதுவா, லேசாப் போட்டு விடு. வாய் வெளுத்துப்போயி எல்லார் முன்னாலயும் கெடக்கக் கூடாது."

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா" என்றேன்.

"போடுவியா, மாட்டியா?"

"போடுதேன்."

பையில் அது இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு ஆசைக்கு வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலைப் பொழுதில் அம்மா காலமானார். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அறைக் கதவைச் சாத்தி, பெண்கள் குளிப்பாட்டினார்கள். நான் மாம்பழ நிறச் சேலையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தை வெள்ளைச் சேலையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். அம்மாவின் நகப்பூச்சை ஒருவர் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து அதை எடுத்தேன்.

"ஏட்டி, அத உள்ள வையி" என்றார் அத்தை. "போதகர் ஐயரு வந்துக்கிட்டு இருக்காரு. சபை பூரா வெளிய நிக்கி. செத்த பெறகும் இவள நாலு பேரு பேசணுமா?"

"அம்மா கேட்டாங்க அத்தை."

"நோவுல கேட்டிருப்பா. ஒங்கம்மா மானத்த நீதாங் காப்பாத்தணும்."

ஆறு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முப்பத்தொன்பது வயது. வங்கியில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்கிற ஆள். அதை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். மறுபடியும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் அது பொய். வாய் வெளுத்து, வெள்ளைச் சேலையில், அம்மா எல்லோர் முன்னாலும் கிடந்தார். எவ்வளவு எளிமையாக இருக்கிறார் என்று வாசலில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அடக்க ஆராதனைக்குச் சற்று முன்னால் அம்மாவின் பழைய மாணவி எஸ்தர் வந்தார். கோ-கோவில் ஓடியவர். இப்போது காவல்துறையில் சார்பு ஆய்வாளர். பணியிலிருந்து நேராக வந்ததால் சீருடையில் இருந்தார். பெட்டியின் பக்கத்தில் நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பிறகு பையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய விசில் ஒன்றை எடுத்து அம்மாவின் கழுத்தில் போட்டார். "டீச்சர் எனக்குக் குடுத்தது. அவங்களே வச்சுக்கிடட்டும்" என்றார். அத்தை வாயைத் திறந்தார். சீருடையைப் பார்த்து மூடிக்கொண்டார். அம்மா விசிலோடுதான் மண்ணுக்குப் போனார். ஒரு மாணவி எந்தக் கேள்வியும் கேட்காமல் செய்ததை மகள் செய்யவில்லை.

இப்போது அச்சகத்துக்குத் திரும்புகிறேன். வெட்டாத மூலப் படத்தைக் காட்டச் சொன்னேன். அம்மா ஓய்வுபெற்ற வருடம் விளையாட்டு விழாவில் எடுத்தது. டிராக் சூட், கடிகாரம், விசில். உதட்டில் செங்கல் நிறம். நான் வேண்டாம் என்று சொல்லி அதற்குள் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே உதவியாளராக இருக்கும் கனி அக்கா விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துவிட்டார். அம்மாவின் அலமாரிக் கதவின் உட்புறத்தில் கையகலக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருந்தது. நிமிராமல் குனியாமல் என் முகம் அதில் தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே பலகை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். விரலில் மிஞ்சியதைத் துடைத்த இடம். புள்ளிமேல் புள்ளியாக, கருத்தும் காய்ந்தும் கிடந்தன.

"ஒங்கம்மா காலைல வந்ததும் இங்கன நின்னுதான் பூசுவாவ" என்றார் கனி அக்கா. "சாயந்திரம் மணியடிச்சதும் கைக்குட்டையால அழுத்தித் தொடைப்பாவ. நாங்கூடக் கேட்டேன், 'ஏன் டீச்சர், வீட்டுலயே போட்டுட்டு வந்தா என்ன, ஒங்க மைனிக்குப் பயமா'ன்னு. 'மைனிக்கு என்ன பயம் கனி. எம்மவளுக்கு வெக்கமா இருக்காம். பெரிய புள்ளையாயிட்டால்லா'ன்னு சொல்லிச் சிரிச்சாவ."

அந்த அறையில் பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அத்தைமேலும் பெரியப்பாமேலும் எவ்வளவு கோபம் இருந்தாலும், அந்தக் கதவில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் என் பெயரில் வைத்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் அம்மாவை "டீச்சர்" என்றே அழைத்த செவிலியர்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்த எங்கள் தெரு ஆட்டோ ஓட்டுநர். ஜெபம் செய்த சபைப் போதகர், சபையார். அலமாரிக் கதவைக் கழற்றிக்கொள்ள அனுமதித்த பள்ளி நிர்வாகத்தினர். அது இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. கனி அக்கா. எஸ்தர். மூன்று மாதம் கஞ்சி சுமந்த அத்தை. அவரிடம் எனக்குக் கோபம் தீரவில்லை, அவர் செய்ததும் மறக்கவில்லை. பெரியப்பாவுக்கும் நன்றி. அவர் தேடி வாங்கியிராவிட்டால் அந்தப் படம் என் கண்ணில் பட்டிருக்காது. அப்பாவுக்கு. இந்தக் கட்டுரையை மூன்று நாள் வைத்திருந்து படித்தார். "விடு" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "அந்த டிராக் சூட்டுப் படத்தையே அட்டையில போடு" என்றார். முதல்முறையாக.

ஆண்டு நினைவு ஆராதனைக்கு நீங்கள் வரும்போது வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் தரப்போவது நான்தான். மாம்பழ நிறச் சேலையில் இருப்பேன். என் உதட்டைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பூசியிருக்க வேண்டியது அது. ஒரு வருடமாக அவருடைய பையிலேயே இருந்தது.

நேற்றுப் பூசிப் பார்த்தேன். பதின்மூன்று வயதாகும் என் மகள் அறை வாசலில் வந்து நின்று, "என்னம்மா அது?" என்று கேட்டாள்.

செம்மண் என்று நான் சொல்லவில்லை.